குடிக்காதவர் ‘ஸ்கோல்’ சொல்லலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். மென்பொருள் வேலைக்காக ஸ்வீடனில் கோத்தன்பர்க் வந்து எட்டு மாதம் ஆகிறது. ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை என் மேலாளரும் அவர் மனைவியும் தங்கள் கோடை வீட்டில் கிரேஃபிஷ் (நன்னீரில் வாழும், இறால் போன்ற உயிரினம்) விருந்து வைக்கிறார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர். என்னையும் என் மனைவியையும் அழைத்திருக்கிறார்கள். நாங்கள் இருவரும் மது தொடுவதில்லை. போன வசந்தத்தில் அலுவலக விருந்து ஒன்றில் ஒருவர் என்னைப் பார்த்துக் கிளாஸைத் தூக்கியபோது, தலையைக் குனிந்துகொண்டு மடமடவென்று தண்ணீரைக் குடித்துவிட்டேன். ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல இருந்தது. இந்த விருந்தில் பாட்டு வேறு பாடுவார்களாம். உடம்பு சரியில்லை என்று சொல்லி இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அறிமுகமில்லாத ஆண் கிளாஸைத் தூக்கிக்கொண்டு கண்ணையே பார்த்தால் என்ன செய்வது என்று என் மனைவி கேட்கிறாள். வைக்கிங்குகள் எதிரியின் மண்டையோட்டில் குடித்ததிலிருந்து வந்த வழக்கம் இது என்று நண்பர் ஒருவர் சொன்னார், உண்மையா? அக்டோபரில் கோபன்ஹேகன், ஹெல்சிங்கி அலுவலகங்களுக்கும் போகவேண்டியிருக்கிறது. வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கண்டிப்பாகப் போங்கள். உடம்பைச் சாக்குச் சொல்லாதீர்கள். இங்கே வீட்டு விருந்துக்கு அழைப்பது ஒப்புக்குச் செய்கிற காரியம் இல்லை. எத்தனை நாற்காலி, யார் பக்கத்தில் யார் என்று பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். எட்டே மாதத்தில் உங்கள் இருவருக்கும் அந்த மேசையில் இடம் வைத்திருக்கிறார்கள் என்றால் உங்களை அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. இங்கே வேலைக்கு வருகிறவர்களுக்கு ஸ்வீடிஷ் மொழியும் இந்த ஊர்ப் பழக்கமும் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். மது குடிக்காத ஒரே காரணத்துக்காக விருந்துகளைத் தட்டிக்கழித்து, மூன்று நான்கு வருடம் கழித்து ‘இங்கே யாரும் நெருங்கிப் பழகுவதில்லை’ என்று வருத்தப்படுகிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது.

முதலில் அந்த அலுவலக விருந்து. நீங்கள் தண்ணீர் குடித்ததில் ஒரு தப்பும் இல்லை. தலையைக் குனிந்ததுதான் எதிரில் இருந்தவருக்கு இடித்திருக்கும். கிளாஸைத் தூக்கி வாழ்த்தும்போது சொல்லும் வார்த்தைதான் ஸ்கோல், ஆனால் அது பெரும்பாலும் கண்ணால் நடக்கும் காரியம். கிளாஸை எடுத்து மார்புக்கு நேராகப் பிடித்துக்கொள்வார்கள். கோட்டின் மூன்றாவது பொத்தான் உயரம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், ராணுவ அதிகாரிகளின் விருந்து மேசையிலிருந்து வந்த கணக்கு அது. எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து, தலையை லேசாக அசைத்து, ‘ஸ்கோல்’ என்பார்கள். ஒரு வாய் குடிப்பார்கள். அப்புறம்தான் முக்கியமான இடம்: கிளாஸ் உடனே கீழே போகாது. மறுபடி மார்புக்கு நேரே வரும், மறுபடி அதே கண்ணைப் பார்ப்பார்கள், சின்னதாக ஒரு தலையசைப்பு, அதன்பிறகே மேசையில் வைப்பார்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த இரண்டாவது பார்வையை. குடித்த கையோடு கிளாஸை வைத்துவிட்டுத் தட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். வணக்கம் சொல்ல வந்தவரிடம் பாதியில் முகத்தைத் திருப்பிக்கொள்வது மாதிரி ஆகிவிடும் அது. எல்லாம் சேர்த்து ஐந்தாறு நொடிதான். வீட்டில் நீங்களும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து தண்ணீர் டம்ளரை வைத்தே நாலு தரம் செய்து பாருங்கள். முதலில் சிரிப்பு வரும், அப்புறம் பழகிவிடும்.

கிளாஸோடு கிளாஸை மோதவேண்டியதில்லை. நண்பர்களுக்குள் மோதிக்கொள்வார்கள், மேசை போட்டு முறையாகச் சாப்பிடும் இடத்தில் தூக்கினாலே போதும். யாராவது கிளாஸை நீட்டினால் மட்டும் மெதுவாகத் தொட்டுவிடுங்கள்.

உட்கார்ந்ததும் தாகம் எடுத்தாலும் பொறுத்திருங்கள். விருந்து கொடுப்பவர் எழுந்தோ உட்கார்ந்தபடியோ ‘வாருங்கள்’ என்று இரண்டு வார்த்தை பேசி முதல் ஸ்கோல் சொல்லும்வரை மேசையில் யாரும் கிளாஸைத் தொடமாட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் சொல்லலாம். முறையான விருந்தில் ஆண் தன் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு முதலில் சொல்வது பழைய வழக்கம். சாப்பாடு முடியும்வரை அந்தப் பெண்ணைப் பேச்சில் தனியாக விடாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. எட்டுப் பேருக்கு மேல் இருக்கும் மேசையில் வீட்டு அம்மாவுக்கு விருந்தாளிகள் ஸ்கோல் சொல்லக்கூடாது என்றும் ஒரு விதி உண்டு. ஆளுக்கு ஒரு வாய் என்று பதிலுக்குக் குடித்தால் அந்த அம்மாள் விருந்தை நடத்திய மாதிரிதான். இளைய தலைமுறை இதையெல்லாம் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. ஆனாலும் உங்கள் மேசையில் பன்னிரண்டு பேர் என்பதால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், வயதானவர்கள் யாராவது இருந்தால் கவனிப்பார்கள்.

இதைவிட உங்களுக்கு அவசரமான விஷயம் வேறு. வீட்டு அம்மாவின் இடப்பக்கம் உங்களை உட்காரவைத்தால் அது மரியாதைக்குரிய இடம், கூடவே ஒரு கடமையும் வரும். சாப்பாட்டின் முடிவில், இனிப்பு வந்த பிறகு, எல்லோர் சார்பிலும் நன்றி சொல்லவேண்டியவர் அங்கே உட்காருகிறவர்தான். பேர் அட்டையைப் பார்த்ததும் இடம் புரிந்துவிடும். அப்படி அமைந்தால் பதறாதீர்கள். கிளாஸை மெல்லத் தட்டிவிட்டு எழுந்து, மூன்று நான்கு வாக்கியம் ஆங்கிலத்திலேயே சொல்லலாம்: அழைத்ததற்கு நன்றி, எங்களுக்கு இது முதல் கிரேஃபிஷ் விருந்து, இன்று பிடித்த ஒரு விஷயம். கடைசியில் மட்டும் ஸ்வீடிஷில் ‘தக் ஃபோர் மாட்டென்’, அதாவது சாப்பாட்டுக்கு நன்றி, என்று சொல்லிக் கிளாஸை உயர்த்துங்கள். அந்த இடம் உங்களுக்கு வராவிட்டாலும், மேசையை விட்டு எழும்போது வீட்டுக்காரர்களிடம் இந்த மூன்று வார்த்தையைச் சொல்லாமல் வராதீர்கள். குழந்தைகூட இங்கே சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கும்.

ஒரு கிளாஸை உயர்த்துவதற்கு ஏன் இவ்வளவு என்று தோன்றலாம். இன்று நீங்கள் மேலாளரைப் பேர் சொல்லி, ‘து’ என்று ஒருமையில் கூப்பிடுகிறீர்கள் இல்லையா? அறுபது வருடத்துக்கு முன் இது நினைத்துப் பார்க்கமுடியாத காரியம். ‘இயக்குநர் அவர்கள் காப்பி சாப்பிடுகிறார்களா’ என்று எதிரில் இருப்பவரிடமே படர்க்கையில், பதவியைச் சொல்லிப் பேசுவார்கள். நீங்கள், நீ, வாங்க, வா என்று எடை போட்டுப் பேசியே வளர்ந்த நமக்கு அந்தத் தவிப்பு நன்றாகப் புரியும். பட்டத்தை விட்டுவிட்டு ‘து’ போட்டுக்கொள்ள இருவர் தீர்மானித்தால், அதைத் திறக்கும் சடங்கு ஒரு ஸ்கோல்தான். வயதிலோ பதவியிலோ மூத்தவர்தான் அதை முன்மொழியலாம், இளையவர் கேட்கக்கூடாது. இருவரும் கண்ணைப் பார்த்துக் குடித்து முடித்தால் அன்றோடு பட்டம் போயிற்று. 1967இல் மருத்துவ நிர்வாகத் துறையின் தலைவராகப் பொறுப்பேற்ற புரூர் ரெக்செட், ஊழியர்கள் எல்லோரையும் ‘து’ என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். ஏற்கெனவே மாறிக்கொண்டிருந்த பழக்கம் அதன்பின் ஊர் முழுக்கப் பரவியது. சடங்கு மறைந்துவிட்டது, ஆனால் ‘இனி நாம் பழகியவர்கள்’ என்கிற அர்த்தம் அந்தப் பார்வையில் இன்னும் இருக்கிறது. அன்று அலுவலக விருந்தில் உங்களைப் பார்த்துக் கிளாஸைத் தூக்கியவர் அதைத்தான் சொல்ல வந்தார். அடுத்த முறை நீங்களே அவருக்கு முதலில் தூக்குங்கள், சரியாகிவிடும்.

இனி கிளாஸுக்குள் என்ன இருக்கவேண்டும் என்ற கேள்வி. எது வேண்டுமானாலும் இருக்கலாம். தண்ணீரோடும் ஸ்கோல் சொல்லலாம், எல்டர் என்ற செடியின் பூவில் செய்யும் சர்பத்தோடும் சொல்லலாம். ஆனால் விருந்துக்கு ஒரு வாரம் முன்பே, நாங்கள் இருவரும் மது குடிப்பதில்லை என்று மேலாளருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். இங்கே அது தொந்தரவு இல்லை, உதவி. அரசாங்க மதுக்கடையான சிஸ்டெம்பொலாகெட் சனிக்கிழமை மதியம் மூடிவிட்டால் திங்கட்கிழமைதான் திறக்கும். மது இல்லாத பீர், மது இல்லாத ஒயின் எல்லாம் அங்கேயும் நல்ல வகை கிடைக்கும் என்பதால் சேர்த்து வாங்கிவிடுவார்கள். ஒரு எச்சரிக்கை: ‘லெட்டொல்’ என்று ஒரு பீர் தருவார்கள், பெயருக்கு ‘லேசான பீர்’. அதில் 2.25 சதவீதம் வரை மது இருக்கலாம். துளியும் வேண்டாம் என்றால் ‘அல்கஹோல்ஃப்ரிட்’ என்று கேளுங்கள்.

காரில் போகிறீர்களா? அப்படியானால் ‘யாக் ஷோர்’, நான் வண்டி ஓட்டுகிறேன் என்று சொன்னாலே போதும், மேற்கொண்டு ஒருவரும் கேட்கமாட்டார்கள். ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.2 பங்கு மது இருந்தாலே இங்கே குற்றம், யாரும் அதோடு விளையாடுவதில்லை. திரும்பும்போது வழியில் யாரையாவது இறக்கிவிடட்டுமா என்று கேட்டுப்பாருங்கள், மேசையிலேயே உங்களுக்குத்தான் அன்று மதிப்பு அதிகம். ஆனால் ஓட்டாதபோது ஓட்டுவதாகச் சொல்லவேண்டாம். ‘நான் குடிப்பதில்லை’ என்று நேராகச் சொல்லுங்கள், காரணம் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். விளக்க ஆரம்பித்தால்தான் பேச்சு நீளும்.

குடிக்காமல் இருப்பது இந்த நாட்டுக்குப் புதிதும் இல்லை. ஐஓஜிடி என்ற மதுவிலக்கு இயக்கம் ஸ்வீடனில் முதல் கிளையைத் தொடங்கியது நீங்கள் இருக்கும் கோத்தன்பர்க்கில்தான், 1879இல். அடுத்த நாற்பது வருடத்தில் அது தொழிலாளர் இயக்கத்துக்கும் வாக்குரிமைப் போராட்டத்துக்கும் இணையாக வளர்ந்தது. 1922 ஆகஸ்ட் 27 அன்று, மதுவை முற்றாகத் தடைசெய்யலாமா என்று நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாக்குச்சீட்டைத் தனித்தனியாக எண்ணினார்கள். பெண்களில் பெரும்பான்மையோர் தடை வேண்டும் என்றார்கள், ஆண்களில் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள். சுமார் 51க்கு 49 என்ற கணக்கில் மதுவிலக்கு தோற்றது. ஓவியர் ஆல்பர்ட் எங்ஸ்ட்ரோம் தடைக்கு எதிராக வரைந்த சுவரொட்டி இன்றும் புகழ்பெற்றது. மேசையில் சிவந்த கிரேஃபிஷ், கூடவே கோபமான ஒரு மனிதர், ‘கிரேஃபிஷுக்கு இந்தப் பானங்கள் வேண்டும்’ என்று வாசகம். ஆகஸ்ட் மாத வாக்கெடுப்புக்கு ஆகஸ்ட் மாத விருந்தையே ஆயுதமாக்கிவிட்டார். அதே விருந்துக்குத்தான் நீங்கள் போகிறீர்கள். அந்த மேசையில் உட்காரும் பலருடைய பாட்டனோ பாட்டியோ மதுவிலக்கு இயக்கத்தில் இருந்திருப்பார்கள். கேட்டுப்பாருங்கள், நல்ல பேச்சு கிளம்பும்.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். கிரேஃபிஷ் விருந்தில் ஸ்னாப்ஸ் என்று விரலளவு கிளாஸில் காட்டமான சாராயம் ஊற்றுவார்கள். சீமைச் சோம்பு, சதகுப்பை வாசனை ஏற்றியது. பாட்டு இல்லாமல் அதைக் குடிக்கமாட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்தது ‘ஹேலன் கோர்’. முதல் கிளாஸை முழுசாகக் குடிக்காதவனுக்கு அடுத்தது கிடையாது என்பதுதான் அதன் சாரம். 1957இல் மாஸ்கோவில் உலக ஐஸ் ஹாக்கிக் கோப்பையை வென்ற ஸ்வீடன் வீரர்கள் தேசியகீதத்துக்குப் பதில் இதையே பாடினார்கள் என்று சொல்வார்கள், அவ்வளவு பிரபலம். மேசையில் பாட்டுத்தாள் வைத்திருப்பார்கள். மெட்டு தெரியாவிட்டாலும் வாயசைத்துச் சேர்ந்துகொள்ளுங்கள். உங்கள் சின்ன கிளாஸில் தண்ணீரோ மது கலக்காத ஸ்னாப்ஸோ ஊற்றச் சொல்லுங்கள். மற்றவர்கள் கிளாஸை எடுக்கும்போது நீங்களும் எடுக்கவேண்டும், பாட்டு முடியும்போது நீங்களும் அண்ணாந்து குடிக்கவேண்டும், அதுதான் விஷயம். பாட்டு முடிந்ததும் வலப்பக்கம், இடப்பக்கம், எதிரில் என்று மூன்று பேர் கண்ணையும் பார்ப்பார்கள். குடித்த பிறகும் அப்படியே. வெற்றுக் கையோடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் தனித்துத் தெரிவீர்கள். ‘ஒரு தமிழ்ப்பாட்டு பாடுங்கள்’ என்று கேட்டாலும் கேட்பார்கள். மறுக்காதீர்கள், மேசையைத் தட்டித் தாளம் போடக்கூடிய நாட்டுப்புறப் பாட்டு நாலு வரி போதும். சாப்பிடுவதில் உங்களுக்குப் பயிற்சியே வேண்டாம். ஆறிய கிரேஃபிஷைக் கையால் உடைத்து, உள்ளே இருக்கும் உப்பும் சதகுப்பையும் ஊறிய சாற்றைச் சத்தத்தோடு உறிஞ்சிச் சாப்பிடுவதுதான் முறை. நண்டு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது கைவந்த கலை.

உங்கள் மனைவிக்கு: அந்தப் பார்வையில் வேறு அர்த்தம் எதுவும் கிடையாது. பக்கத்தில் இருக்கும் ஆண் முதலில் அவருக்குத்தான் ஸ்கோல் சொல்வார், அது மரியாதை. பார்வையைத் திருப்பாமல் ஒரு புன்னகையோடு தலையை அசைத்து, தன் கிளாஸில் இருப்பதை ஒரு வாய் குடித்து, மறுபடி ஒரு முறை பார்த்தால் முடிந்தது. ஒரு நொடிக்கு மேல் யாரும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. பெண் முதலில் சொல்லக்கூடாது என்பதெல்லாம் பழைய கதை. அவருக்குத் தோன்றினால் எதிரில் இருக்கும் பெண்ணுக்கு அவரே முதலில் சொல்லட்டும், அதன்பிறகு கூச்சம் இருக்காது. ஒருவேளை குடித்துவிட்டு எல்லை மீறி யாராவது நடந்துகொண்டால் அது ஸ்கோல் அல்ல, எழுந்து இடம் மாறலாம். அதை இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

மண்டையோட்டுக் கதை உண்மையில்லை. ஸ்கோல் என்றால் கிண்ணம், அவ்வளவுதான். வைக்கிங்குகளின் மொழியான பழைய நார்ஸில் உள்ள கவிதை ஒன்றில் ‘மண்டைகளின் வளைந்த கிளைகளிலிருந்து குடிப்போம்’ என்று வரும். மாட்டின் தலையிலிருந்து வளர்வது கொம்பு. கொம்பில் ஊற்றிக் குடிப்பதைத்தான் கவிஞர் அப்படிச் சுற்றிச் சொல்கிறார். 1636இல் டென்மார்க் அறிஞர் ஓலெ வோர்ம் வெளியிட்ட நூலில், லத்தீன் மொழிபெயர்ப்பு அதைக் கொல்லப்பட்டவர்களின் மண்டையோடு என்று ஆக்கிவிட்டது. ஐரோப்பா முழுவதும் அதை நம்பியது, உங்கள் நண்பர்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

வைக்கிங் காலத்திலிருந்து உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் கதை வேறு. பத்தாம் நூற்றாண்டில் நார்வேயை ஆண்ட ‘நல்லவர்’ ஹோக்கோன், சிறுவயதில் இங்கிலாந்து அரசர் ஆதல்ஸ்டனின் அரண்மனையில் கிறிஸ்தவராக வளர்ந்தவர். குடிமக்களோ பழைய தெய்வங்களைக் கும்பிட்டவர்கள். ஐஸ்லாந்தின் வரலாற்று ஆசிரியர் ஸ்னோரி 13ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்திருக்கிறார்: அறுவடை முடிந்த பலி விருந்தில் முதல் கொம்பு ஓடின் என்ற தெய்வத்துக்கு, வெற்றிக்காக. அடுத்தவை நியோர்ட், ஃப்ரேய் என்ற தெய்வங்களுக்கு, விளைச்சலுக்காகவும் அமைதிக்காகவும். அப்புறம் இறந்துபோன உறவினர்களின் நினைவுக்கு. லாதே என்ற ஊரில் முதல் கொம்பு அரசர் கைக்கு வந்தபோது அவர் அதன்மேல் சிலுவைக்குறி போட்டார். ஏன் இப்படிச் செய்கிறார் என்று ஒருவர் சத்தமாகக் கேட்டார். பக்கத்தில் இருந்த சிகுர்ட் பிரபு உடனே சமாளித்தார்: ‘தோர் தெய்வத்தின் சுத்தியல் குறியைத்தான் போடுகிறார்.’ கூட்டம் அமைதியானது. அந்த அரசருக்கு மேசையோடும் இருக்கவேண்டும், தன் நம்பிக்கையையும் விடக்கூடாது. பின்னால் யூல் என்ற குளிர்காலப் பண்டிகை விருந்து ஒன்றில் குறி போடாமலே குடிக்கவேண்டும் என்று அவரை நெருக்கினார்கள், பாவம். உங்களை அப்படி நெருக்க அந்த மேசையில் ஒருவரும் இல்லை. சிகுர்ட் மாதிரி பக்கத்தில் துணைக்கு நிற்க உங்கள் மேலாளரே இருப்பார், முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள் என்றால்.

கோபன்ஹேகனில் சொல்வதும் அதே ஸ்கோல்தான், கண்ணைப் பார்ப்பதும் அதேதான். டென்மார்க்கில் அரசாங்க மதுக்கடை கிடையாது, பல்பொருள் கடையிலேயே எல்லாம் விற்கும். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்திலேயே பீர் திறக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. ‘ஒன்றே ஒன்று’ என்று ஸ்வீடனைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்பார்கள் என்பது என் அபிப்பிராயம். வருத்தப்படாமல் சிரித்துக்கொண்டே மறுக்கலாம். கையில் ஒரு கிளாஸ் ஏற்கெனவே இருந்தால் கேள்வியே வராது. யாருடைய கல்யாணத்துக்காவது அங்கே போக நேர்ந்தால், எல்லோரும் கரண்டியால் கிளாஸைத் தட்டினால் மணமக்கள் நாற்காலிமேல் ஏறி முத்தமிட வேண்டும், தரையில் காலைத் தட்டினால் மேசைக்கு அடியில். அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

ஹெல்சிங்கியில் வார்த்தை மாறும். ஃபின்னிஷ் பேசுகிறவர்கள் ‘கிப்பிஸ்’ என்பார்கள். ஸ்வீடிஷ் பேசும் ஃபின்லாந்துக்காரர்களோ ஸ்வீடன்காரர்களைவிட அதிகம் பாடுவார்கள். அந்த ‘ஹேலன் கோர்’ அங்கேயும் கைகொடுக்கும்.

விருந்துக்குப் பூ வாங்கிக்கொண்டு போங்கள், சுற்றியிருக்கும் தாளை வாசலிலேயே பிரித்துவிட்டுக் கொடுங்கள். சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேருங்கள், ஐந்து நிமிடம் முன்னால் போய்விட்டால் வெளியே காத்திருந்து மணி அடியுங்கள். திங்கட்கிழமை மேலாளரைப் பார்க்கும்போது முதல் வார்த்தையாக ‘தக் ஃபோர் சேனஸ்ட்’ என்று சொல்லுங்கள், போன முறைக்கு நன்றி என்று பொருள். அவருடைய மனைவியை இரண்டு மாதம் கழித்துக் கடையில் பார்த்தாலும் அதேபோலச் சொல்லவேண்டும்.